பிரெஞ்சு உடைமைச் சொற்களும் நமது ஆறாம் வேற்றுமையும்

"தமிழ் கற்கும் மாணவனுக்குப் பிரெஞ்சு எற்றுக்கு?" என்று எம்மூராகிய கல்லலிற் பெரியோர் சிலர் வினவுவதுண்டு. அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட செட்டிநாடே அவ்வினாவிற்கு விடையாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு நகரத்தார் பலர், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சைகோனுக்குக் கடல் கடந்து சென்று கொடுக்கல் வாங்கல் நடாத்தினர். புதுவையும் காரைக்காலும் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தன. ஆகவே இம்மொழி தமிழர்க்கு முற்றிலும் அயலானதன்று.

ஆயினும், இதனைக் கற்கப் புகுவார் முதற்கண் இடறுவது உடைமைச் சொற்களிலேயாம். ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்பது இவ்விடர்க்குக் காரணம் என்பது எம் கருத்து. ஆங்கிலம், உடையார் ஆணோ பெண்ணோ என்று நோக்கும். பிரெஞ்சோ உடைமைப் பொருளின் பாலையே நோக்கும். புத்தகம் என்னும் பொருள்தரும் 'லீவ்ர்' ஆண்பால். ஆதலின் அவன் புத்தகமும் அவள் புத்தகமும் 'ஸோன் லீவ்ர்' எனப்படும். வீட்டைக் குறிக்கும் 'மெஸோன்' பெண்பால். ஆதலின் அவன் வீடும் அவள் வீடும் 'ஸா மெஸோன்' ஆம். பொருள் பலவாயின் இருபாற்கும் 'ஸே' ஒன்றே. இதனை மறந்து, ஆணுக்கு 'ஸோன்' என்றும் பெண்ணுக்கு 'ஸா' என்றும் எழுதி யாம் பட்ட இடர் பல.

பின்னர் நன்னூலை நோக்கினோம், தெளிவு பிறந்தது. பவணந்தி முனிவர் ஆறாம் வேற்றுமைக்கு உருபு வகுக்குங்கால், உடைமை ஒருமையாயின் 'அது' என்றும் பன்மையாயின் 'அ' என்றும் வகுத்தார். 'எனது கை', 'என கைகள்' என வரும். உருபு உடைமைப் பொருளைத் தழுவி மாறுகின்றதன்றோ? 'மோன்', 'மே' என்னும் பிரெஞ்சுச் சொற்கள் எண் பற்றி மாறுவதும் இவ்வாறே. இனி நாம் புதிதாகக் கற்கவேண்டுவது பாலைத் தழுவுதல் ஒன்றே. உடையார் ஆணோ பெண்ணோ எனக் காட்டாமையும் நமக்குப் புதிதன்று. 'தன் வீடு' என்புழி நாமும் அதனைக் காட்டுவதில்லை. பள்ளியைக் குறிக்கும் 'எகோல்' பெண்பாலாயினும் உயிர் முதலாதலின், 'மா' என்னாது 'மோன் எகோல்' என்பர். உயிரும் உயிரும் நேரே அடுத்தலை விலக்க உடம்படுமெய் கொள்ளும் தமிழர்க்கு இஃதும் வியப்பன்று.

தமிழ் நுட்பமும் இவ்வொப்பீட்டால் விளங்கும். பிரெஞ்சில் 'நோத்ர்' என்னும் ஒரு சொல்லே 'நம்', 'எங்கள்' என்னும் இரண்டிற்கும் நிற்கும். நாமோ பரமபிதாவை விளித்து மன்றாடுங்கால் 'எங்கள்' என்கிறோமேயன்றி 'நம்' என்பதில்லை; 'நம்' எனின் கேட்கும் கடவுளையும் அவர்தம் மக்களுள் ஒருவராக எண்ணியதாகும். நாள்தோறும் நாவில் பயின்ற இவ்வேறுபாட்டின் அருமையை, பிரெஞ்சு பயின்ற பின்னரே யாம் உணர்ந்தோம்.

ஆதலின், நண்பர்காள், பிறமொழி இலக்கணத்தை மற்றொரு பிறமொழியின் வாயிலாகக் கற்று இருமுறை இடர்ப்படாது, நம் இலக்கணத்தை விளக்காகக் கொண்டு கற்போமாக. ஆசிரியப் பெருமக்களும் பிரெஞ்சு வகுப்பில் நன்னூலுக்குச் சிறிது இடம் அளிப்பாராயின், மாணவர் அம்மொழியை எளிதிற் கற்பர், தமிழையும் மறவார்.