கற்சுவருக்கும் கடன் வேண்டும்

கல்வராயன் மலையில் பெருமழை பெய்தால் நீர் மட்டும் இறங்குவதில்லை. மண்ணும் உடன் இறங்கிக் கோமுகி அணைவரை செல்கிறது. மண்ணைக் காக்கக் காய்கறிப் பாத்திகளுக்குச் சுவர் எழுப்புவது நன்றே. ஆயின், அச்சுவர் சிமெண்டினால் ஆகவேண்டும் என்பதை நாம் ஒப்புவதற்கில்லை.

நனைந்த மண் சுவரைத் தள்ளும். பூசிய சுவரில் நீருக்குப் போக்கிடம் இன்மையால் சுவர் பிளக்கிறது. காரையின்றி அடுக்கிய கற்சுவரிலோ ஒவ்வோர் இடுக்கும் ஒரு மதகு!

கல்லைக் குவிப்பது வேறு, அடுக்குவது வேறு. கடைக்கால் அரையடி தோண்டிப் பெருங்கற்களை அடியில் இடுக. இரு கற்களின் சந்தின்மேல் மூன்றாவது கல் அமர்க. இடையிடையே நீண்ட கற்கள் மண்ணுக்குள் புகுந்து நிற்கட்டும். அடிக்கு இரண்டு அங்குலம் சுவர் மண்பக்கம் சாய்தல் வேண்டும்; அதன் முதுகில் சிறுகற்களை நிரப்பிய பின்னரே மண். இரண்டடி உயரச் சுவருக்கு இவ்வளவே போதும். கல்லோ, உழும் நிலத்திலேயே கிடக்கிறது.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் சிமெண்டு ஏற்றும் வண்டிக்கூலியை, கல்லடுக்கத் தெரிந்த ஊர் முதியவருக்கு அளிக்கலாகாதா? சிமெண்டு ரசீதுக்குக் கடன் தரும் சங்கம், கைக்கூலிக்கு ரசீது இல்லையென்று மறுப்பது முறையன்று. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர் இதனைக் கேட்பாராக.