கதவுக்கு என்ன நிறம்?

நோன்புப் பெருநாளுக்கு முன்போ, வீட்டில் நிக்காஹ் நிச்சயமானாலோ, நம் இல்லங்களில் வண்ணம் பூசும் பேச்சு எழுந்துவிடும். கூடத்துக்கு இளம்பச்சையா, படுக்கையறைக்கு நீலமா என்று சுவர்களைப் பற்றி நாள் கணக்கில் ஆலோசனை நடக்கும். கதவுகளும் நிலைகளும் ஜன்னல் சட்டங்களும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். பெயிண்டர் வந்து கேட்கும்போது, "வழக்கம்போல் பிரௌன் அடித்துவிடுங்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

சகோதரிகளே, சற்று எண்ணிப் பாருங்கள். சுவரை நாம் பார்க்கிறோம், கதவையோ தொடுகிறோம். தவழும் குழந்தை பிடித்து எழுந்து நிற்பது நிலையைத்தான். பல் முளைக்கும் பருவத்தில் அது வாய் வைத்துக் கடிப்பது ஜன்னல் விளிம்பைத்தான். ஆகவே இது அழகோடு உடல்நலமும் சேர்ந்த விஷயமாகும்.

முதலில், பூசத்தான் வேண்டுமா என்று பாருங்கள். முன்னோர் போட்டுவைத்த தேக்குக் கதவை எனாமலால் மூடுவது பெரும் நஷ்டம். மரத்தின் ரேகை தெரியும்படி வார்னிஷோ பாலிஷோ போதும். வேப்பமரம், ஒட்டுப்பலகை, இரும்பு ஆகியவற்றுக்கே எனாமலை வைத்துக்கொள்ளுங்கள்.

தரையிலிருந்து தொடங்குங்கள்

நிறத்தைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் தரையைப் பாருங்கள். எளிதில் மாற்ற இயலாதது அதுதான். சிவப்புச் சிமெண்டுத் தரைக்குத் தந்த நிறமோ பாலேட்டு நிறமோ இதமாக இருக்கும். சிவப்பு கலந்த பிரௌன் அதனோடு போட்டியிடும். வெண்மையான தரைக்குச் சாம்பல் நிறமும் மங்கிய பச்சையும் பொருந்தும். சுவரின் வண்ணம் சில ஆண்டுகளில் மாறிவிடும். எனவே எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகும் ஒரே நிறத்தை வீடு முழுவதும் நிலைகளுக்குப் பூசிவிடுங்கள். கதவுகளை வேண்டுமானால் அறைக்கு அறை மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி மாற்றினால், கதவின் பக்கவாட்டு விளிம்புக்கு எந்த அறையின் நிறம் என்ற ஐயம் எழும். கதவு எந்த அறைக்குள் திறக்கிறதோ, தாழ்ப்பாள் இருக்கும் விளிம்பு அந்த அறையின் நிறத்தைப் பெறும். கீல் இருக்கும் விளிம்பு மறுபக்க அறையின் நிறத்தைப் பெறும். கதவைத் திறந்து வைத்து இரு அறைகளிலும் நின்று பார்த்தால் காரணம் விளங்கும்.

சிறிய கூடத்தில் நான்கைந்து கதவுகள் இருந்தால், அவற்றைச் சுவரின் நிறத்திலேயே பூசுங்கள். கூடம் விசாலமாகத் தோன்றும். ஆனால் பார்வை மங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில், குளியலறையின் நிலையையாவது சுவரிலிருந்து நன்கு வேறுபட்ட நிறத்தில் பூசுங்கள். இரவில் எழுந்து செல்பவருக்கு வாசல் எது என்று தெரிய வேண்டுமல்லவா?

தூய வெண்மையை விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் கலந்த வெள்ளை எனாமல், வெளிச்சம் படாத அறைகளில் நாளடைவில் மஞ்சளித்துவிடும். அங்கே தந்த நிறமே மேல். வெண்மைதான் வேண்டுமென்றால், தண்ணீர் கலந்து பூசும் எனாமலைக் கேட்டு வாங்குங்கள். அது அவ்வளவு எளிதில் மஞ்சளிக்காது.

கடைக்காரர் காட்டும் அட்டையில் விரல் அகலத்துக்கு உள்ள நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். சிறிய டப்பா ஒன்று வாங்கி, ஒரு பலகையில் இரண்டு அடிக்குப் பூசிக் கதவருகே சாத்தி வையுங்கள். காலை வெளிச்சத்திலும், இரவு விளக்கொளியிலும் பாருங்கள். பிடித்துவிட்டால், எல்லாக் கதவுகளுக்கும் வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள். மறுமுறை கலக்கும்போது நிறம் சற்றே மாறக்கூடும்.

பழைய பூச்சில் ஓர் அபாயம்

நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்று 2016-இல் அரசு விதி வகுத்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட எனாமலில், முக்கியமாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வேலை தொடங்கும் நாளில்தான் ஆபத்து அதிகம். பழைய பூச்சை உப்புத்தாளால் உலரவே தேய்த்தால் அதன் தூள் வீடெங்கும் பரவும். பாயிலும் பாத்திரத்திலும் படியும். ஆகவே பூச்சு உறுதியாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். சோப்பு நீரால் கழுவி, நீர்த்தாள் கொண்டு ஈரத்தோடு இலேசாகத் தேய்த்து, அதன் மேலேயே பூசச் சொல்லுங்கள். உரிந்து நிற்கும் இடங்களை நனைத்துச் சுரண்டி, விழும் செதில்களைப் பழைய துணியில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். தீயால் வாட்டி உரிப்பதற்கு ஒருபோதும் இடம் கொடாதீர்கள். பெருக்குவதற்குப் பதிலாக ஈரத் துணியால் துடையுங்கள். அந்நாட்களில் சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் தங்குவது நல்லது. வேலை செய்பவரின் நலமும் நம் பொறுப்பே. அவர் முகத்தை மூடிக்கொண்டு தேய்க்கிறாரா என்று பாருங்கள்.

குளியலறைக் கதவு அடியில் உப்பி உளுத்துப்போவது பல வீடுகளில் காணும் குறை. பார்வைக்குத் தெரியாத கீழ் விளிம்பைப் பூசாமல் விடுவதும் அதற்கொரு காரணம். மரம் அங்கிருந்துதான் ஈரத்தைக் குடிக்கிறது. கதவைக் கழற்றிக் கீழ் விளிம்பிலும் மேல் விளிம்பிலும் பூசச் செய்யுங்கள்.

பெருநாளுக்கு முந்திய இரவு வரை வேலையை இழுக்காதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் எனாமல் உள்ளே இறுகப் பல நாட்கள் ஆகும். அதற்குள் அழுத்திச் சாத்தினால் கதவு நிலையோடு ஒட்டிக்கொள்ளும்.

இறுதியாக, வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு சொல். பணம் அனுப்புவது நீங்களாயினும், அந்தக் கதவை நாள்தோறும் திறந்து, சாத்தி, துடைத்து வைப்பவர் உங்கள் மனைவியும் தாயாருமே. நிறத்தை அவர்கள் சொல்லட்டும். டப்பாவின் மேல் ஈயம் பற்றி என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.