ஓர்மையை அளக்கும் கோல்

கேரள-தமிழ்நாடு எல்லையில் பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளைப் பக்கம் வயதானவர்களுக்கு மறதி கூடினால் வீட்டார் "ஓர்மை இல்ல" என்பார்கள். தமிழ் பேசும் வீட்டிலும் மலையாளம் பேசும் வீட்டிலும் சொல் அதுதான். அந்த ஓர்மை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்க ஒரு கோல் வேண்டும். மூளை ஆய்வுக்குப் பணம் ஒதுக்கினார்கள் என்று செய்தி வந்தால், பெரிய ஸ்கேன் இயந்திரம்தான் நம் கண்முன் வரும். இயந்திரத்துக்கும் முன்னால் பணம் கேட்டு நிற்பது இந்தக் கோல். அதைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

கோல் என்பது ஒரு கேள்வித்தாள். ஒரு நிமிடத்தில் 'ப' என்ற எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள் என்பது அதில் வழக்கமாக வரும் ஒரு கேள்வி. தமிழருக்குப் பாலம், பஸ், பாக்கியம் மூன்றும் ஒரே 'ப'தான். மலையாளத்தில் அவை மூன்று வெவ்வேறு எழுத்துகள். அப்படியானால் தமிழில் பதினைந்து சொல் சொன்னவரும் மலையாளத்தில் பதினைந்து சொல் சொன்னவரும் சமமா? இது என்ன மாதம் என்று கேட்டால் ஒரு பாட்டி 'ஆவணி' என்பார், அடுத்த வீட்டுப் பாட்டி 'சிங்ஙம்' என்பார். இரண்டும் சரியான விடைதான். மலையாளத் தாளை மட்டும் கையில் வைத்துக் கேள்வி கேட்கும் இளைஞருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே தாளை மொழிபெயர்த்தால் போதாது. கேள்விகளை அந்த மொழிக்கென்று புதிதாக அமைக்க வேண்டும். பிறகு நோயில்லாத முதியவர்கள் பலரிடம், பள்ளிக்கூடம் போகாதவர்கள் உட்பட, கேட்டுப் பார்த்து இந்த வயதுக்கும் படிப்புக்கும் இவ்வளவு மதிப்பெண் இயல்பு என்று கணக்கு எடுக்க வேண்டும். அதன்பின் நோயுள்ளவர்களிடம் சோதிக்க வேண்டும். ஆள் சம்பளமும் பஸ் கட்டணமுமாகச் செலவாகும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை. ரிப்பன் வெட்டித் திறந்துவைக்க இதில் ஒன்றும் இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இந்த வேலைக்குப் பணம் கொடுத்தது. திருவனந்தபுரத்து ஸ்ரீசித்ரா நிறுவனமும் சேர்ந்து உழைத்த அந்தக் கோல் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்ற ஐந்து மொழிகளில் 2020 வாக்கில் வெளிவந்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. தமிழில் கோலே கிடையாது என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. 10/66 என்ற பன்னாட்டுக் குழு சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்திருக்கிறது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதத்துக்கும் குறைவானதே அவர்களைப் பற்றியது என்பதால் வந்த பெயர் அது. ஆனால் எல்லாரையும் ஒரே முறையில் அளந்து ஒப்பிட நினைத்த தொகுப்பில், 1956 நவம்பர் 1 அன்று தெற்கே இருந்த நான்கு தாலுகாக்கள் இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனபோது நெய்யாற்றின்கரைத் தாலுகாவோடு கேரளத்தில் தங்கிவிட்ட தமிழ் வீட்டுக் கிழவிக்குத் தாய்மொழியில் கேள்வி இல்லை.

இங்கே இரண்டு பணத்தைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல மருத்துவமனைக்கோ மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ போவது சிகிச்சைப் பணம். ஆய்வுப் பணம் வேறு வாசல்களில் வருகிறது. நோய் என்றால் மேலே சொன்ன மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில். அறிதல் என்றால் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008-இல் தொடங்கிய அறிதல் அறிவியல் திட்டம். சமூகம் என்றால் 1969-இல் அமைந்த சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில். இரண்டு மொழி பேசும் பாட்டியின் மறதி எந்த வாசலைச் சேர்ந்தது? மூன்றையுமே சேர்ந்தது. இப்படிப்பட்ட விண்ணப்பத்தை ஒவ்வொரு வாசலும் அடுத்ததைக் காட்டி அனுப்பிவிட இடமிருக்கிறது. உளவியல் நம் நாட்டில் படும் பாட்டில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். மொத்த ஆய்வுச் செலவே நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதம் என்னும்போது, வாசலில் காத்திருப்பவர் பாடு சொல்ல வேண்டியதில்லை.

இந்த எல்லைக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து என்று கேட்கலாம். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயுள்ள 648 பேரின் விவரங்களைப் பார்த்து 2013-இல் ஒன்றைச் சொன்னார்கள்: இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. பிற இடங்களில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. விவாதம் முடியாததால்தான், சந்தையில் ஒரு மொழியும் அடுக்களையில் ஒரு மொழியுமாக வாழ்ந்தவர்கள் நிறைந்த ஊர்களைப் பொறுமையாகப் பின்தொடர வேண்டியிருக்கிறது.

அப்படிப் பின்தொடர முடியும் என்பதற்குக் கர்நாடகத்தில் உதாரணம் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் சீனிவாசபுரத்தில், 45 வயதைத் தாண்டிய கிராமத்தவர் 10,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அந்த மையத்துக்கு 225 கோடி ரூபாய் கொடுக்க முன்வந்தவர் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன். திருவனந்தபுரத்துக்காரர். அவர் பிறந்த ஊரிலிருந்து பாறசாலைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம்.