ஓட்டு எண்ணும் வரை பூட்டி வைத்த விடுதலை

ஜனநாயகம் என்றும், சுதந்திரம் என்றும் உலகத்திற்கெல்லாம் உபதேசம் செய்து வந்த அமெரிக்காவில், 1944-ம் வருஷம் நவம்பர் 7-ந்தேதி பிரசிடெண்டு தேர்தல் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் சார்பில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்காவது தடவையாக நின்றார். குடியரசுக் கட்சியின் சார்பில் நியூயார்க் கவர்னர் தாமஸ் டூயி எதிர்த்து நின்றார். ரூஸ்வெல்ட்டுக்கு 432 தேர்வாளர் ஓட்டுகளும், டூயிக்கு 99-ம் கிடைத்தன. யுத்தத்தின் நடுவிலும் தேர்தலை ஒத்திப்போடாத தேசம் என்று இதைப் புகழ்கின்றவர்கள் அநேகர். தேர்தலை ஒத்திப்போடவில்லை என்பது மெய்தான். ஆனால், அந்தத் தேர்தலுக்காக வேறொன்று ஒத்திப்போடப்பட்டது. அது மனிதர்களுடைய விடுதலையாகும்.

விஷயம் என்னவென்றால், 1941 டிசம்பர் 7-ந்தேதி பேர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிற்று. 1942 பிப்ரவரி 19-ந்தேதி ரூஸ்வெல்ட் 9066-ம் நெம்பர் உத்திரவில் கையெழுத்திட்டார். அதன் பேரில் மேற்குக் கரையோரத்தில் இருந்த ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேர், வீடு வாசலையும் கடை கண்ணிகளையும் விட்டுவிட்டு, கையில் தூக்கக்கூடியதை மாத்திரம் தூக்கிக்கொண்டு போய், பாலைவனத்திலும் சதுப்பு நிலத்திலும் கட்டப்பட்ட பத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். சுற்றிலும் முள்வேலி, காவலுக்குத் துப்பாக்கி. இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. இன்ன வயிற்றில் பிறந்தார்கள் என்பது ஒன்றே குற்றம்!

இதற்கு ராணுவத் தளபதி டெவிட் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாது. இதுவரை இவர்கள் ஒரு நாசவேலையும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதே இனிமேல் செய்யப்போகிறார்கள் என்பதற்கு அடையாளம் என்றார் அவர். மழை பெய்தால் யாகத்தின் மகிமை. பெய்யாவிட்டால் யாகத்தில் குறை என்று சொல்லும் புரோகிதனுடைய தர்க்கத்திற்கும், இந்தத் தர்க்கத்திற்கும் என்ன வித்தியாசம்? குற்றம் செய்தாலும் ஜெயில், செய்யாவிட்டாலும் ஜெயில் என்றால் அதற்குப் பெயர் நியாயமா?

“யுத்த காலம், வேறு வழியில்லை” என்று சமாதானம் சொல்லுவார்கள். சரி, அப்படியானால் ஹவாய்த் தீவுகளில் என்ன நடந்தது? குண்டு விழுந்த இடமே அதுதான். அங்கே ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சத்தார். அவர்களை மொத்தமாகப் பிடித்து அடைக்கவில்லை. ஏன்? அடைத்தால் அங்கே வேலை செய்ய ஆள் இல்லை! ஜெர்மனியோடும் இத்தாலியோடும்கூட அமெரிக்கா யுத்தம் செய்தது. அந்த வம்சத்தார் எல்லோரையும் குடும்பம் குடும்பமாக முகாமுக்கு அனுப்பினார்களா? இல்லை. ஏனென்றால் அவர்கள் தோல் வெள்ளை. இந்த யுத்தத்தில்தான், காயம்பட்ட சிப்பாய்களுக்காகக் கொடுக்கப்பட்ட நீக்ரோ ரத்தத்தைக்கூட வெள்ளையர் ரத்தத்தோடு சேர்க்காமல் தனியாகச் சீட்டு ஒட்டி வைத்தார்கள். ஹிட்லரின் ஜாதிக் கொள்கையை ஒழிக்கப் போனவர்கள் புட்டியிலுள்ள ரத்தத்திற்கும் ஜாதி வைத்தார்கள் என்றால் இந்த யோக்கியதையை என்னவென்பது!

நிற்க, தேர்தல் சங்கதிக்கு வருவோம். இந்த ஜனங்களை இனியும் வெளியே தள்ளி வைக்க ராணுவக் காரணம் எதுவும் இல்லை என்று யுத்த மந்திரி ஸ்டிம்சன் 1944 மே மாதத்திலேயே மந்திரி சபையில் சொல்லிவிட்டார். உள்நாட்டு மந்திரி இக்ஸும் விட்டுவிட வேண்டுமென்றே வற்புறுத்தினார். ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? உள்நாட்டு அமைதி கெடாமல் மெள்ள மெள்ளச் செய்ய வேண்டும் என்றார். யாருடைய அமைதி? கலிபோர்னியா மாகாணத்திற்கு 25 தேர்வாளர் ஓட்டு உண்டு என்பதையும், அங்கே இவர்கள் திரும்பி வருவதை எதிர்த்துக் கூச்சல் போட்டவர்கள் ஓட்டர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

செப்டம்பர் 23-ந்தேதி ரூஸ்வெல்ட் பேசிய தேர்தல் பேச்சு ஒன்று பிரசித்தமானது. தம்முடைய நாய் ஃபாலாவை எதிர்க் கட்சியார் இழுத்துப் பேசினார்கள் என்று வெகு சாதுர்யமாகப் பரிகாசம் செய்தார். ஜனங்கள் சிரித்தார்கள். நாய்க்குப் பரிந்து பேசிய அந்தப் பேச்சில், முள்வேலிக்குள் இருந்த மனிதருக்காக ஒரு வார்த்தை கிடையாது! அடுத்த மாதம் பிரான்சில், ஜெர்மானியரால் சூழப்பட்ட டெக்ஸாஸ் பட்டாளத்தார் 211 பேரைத் தங்கள் உயிரைக் கொடுத்து மீட்டது, ஜப்பானிய வம்சத்தார் அடங்கிய 442-வது படை. அந்தச் சிப்பாய்களில் பலருடைய தாய் தகப்பன்மார் அந்த நேரத்தில் முகாமில் கைதிகள்!

நவம்பர் 7-ந்தேதி ஓட்டு எண்ணி முடிந்தது. அதற்குப் பின் கூடிய முதல் மந்திரி சபைக் கூட்டத்திலேயே தடையை நீக்க முடிவாயிற்று. டிசம்பர் 17-ந்தேதி அறிவிப்பு. 1945 ஜனவரி 2-ந்தேதி முதல் அமல். மே மாதத்தில் இருந்த நியாயம் நவம்பரில் கடுகளவாவது மாறியதா? மாறியது தேர்தல் முடிந்தது என்பது மாத்திரமே.

இதைக் கண்டு குடியரசுக் கட்சியார் யோக்கியர்கள் என்று யாரும் ஏமாற வேண்டியதில்லை. 1942-ல் கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்து, இவர்களை வெளியேற்ற வேண்டுமென்று முன்னின்றவர் அக்கட்சியைச் சேர்ந்த ஏர்ல் வாரன்தான். அவ்வருஷமே அவர் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார். ஆளும் கட்சி அடைத்தது. எதிர்க் கட்சி அடைக்கச் சொல்லிற்று. சுப்ரீம் கோர்ட்டோ, 1944 டிசம்பர் 18-ந்தேதி, குற்றமற்ற பிரஜையை முகாமில் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வழக்கிலும், அவனை வீட்டை விட்டு வெளியேற்றியது சரியே என்று இன்னொரு வழக்கிலும் ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிற்று!

கடைசியாக, இதற்கெல்லாம் காரணம் ராணுவ அவசியமல்ல. இனத் துவேஷமும், யுத்த வெறியும், அரசியல் தலைமையின் தோல்வியுமே என்று அமெரிக்கக் காங்கிரஸ் ஏற்படுத்திய கமிஷனே 1983-ல் ஒப்புக்கொண்டது. 1988-ல் சட்டம் செய்து, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். செத்தவர்களுக்கு?

ஆகவே தோழர்களே! ரூஸ்வெல்ட் ஹிட்லரை எதிர்த்தார் என்பதற்காக அவரைச் சாமியாக்கிக் கும்பிட வேண்டியதில்லை. கோவில் சாமியை ஒழித்துவிட்டு அந்தப் பீடத்தில் தலைவர்களை ஏற்றுவது பகுத்தறிவாகாது. மெஜாரிட்டி ஓட்டுக்குப் பயந்து ஒரு மனிதனுடைய விடுதலையை ஆறு மாதம் பூட்டி வைக்கலாம் என்றால், அந்த ஓட்டுப் பெட்டிக்கும் கோவில் உண்டியலுக்கும் பேதமில்லை. எந்த நாட்டிலானாலும், எந்தத் தலைவரானாலும், தேர்தலுக்குப் பிறகு தருகிறேன் என்று சொல்லும் நியாயத்தை, இன்றைக்கே ஏன் தரக்கூடாது என்று கேளுங்கள். கேட்பவன்தான் பிரஜை, கேட்காதவன் பக்தன்.