மீசை அரும்பும் பிள்ளைகள் யார் பொறுப்பு?

பையன்கள் கெட்டுப் போய்விட்டார்களாம்! டீக்கடை பெஞ்சிலிருந்து சட்டசபை வரை இதே புலம்பல். பாலுச்செட்டி சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும் திருப்புட்குழிப் பையனைப் பார்த்தும் பெரிய மனிதர்கள் இதையேதான் சொல்கிறார்கள். நாம் கேட்கிறோம்: மீசை அரும்பும் வயதில் அவனுக்கு இந்தச் சமுதாயம் கொடுத்தது என்ன?

சட்டத்தைப் பாருங்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான். 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ, 14 முதல் 18 வரை உள்ள பிள்ளையை அபாயகரமானவை என்று பட்டியல் போட்ட வேலைகளில் மட்டும் சேர்க்கக் கூடாது என்கிறது. ஆக, குரல் உடைகிற வயதில் சர்க்காரின் கை நழுவுகிறது. மேஸ்திரியின் கை தோளில் விழுகிறது.

14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் 'உதவி' செய்யலாமாம்! குடும்பத் தொழில் என்றால் என்ன என்று காஞ்சிபுரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோர்வைப் பட்டில் கரை வேறு, உடல் வேறு. கரைக்கு நாடா தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். அப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் தறியில் அடைபட்டான். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் அடைபட்டான். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, 1954-ல் விரட்டியது தமிழகம். வாசலில் விரட்டியதைக் கொல்லைப்புறமாக அழைத்து வந்துவிட்டார்கள்!

இன்று தறியை விட்டவனைக் கம்பெனி பஸ் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஏற்றிப் போகிறது. 1961-ம் ஆண்டுப் பழகுநர் சட்டத்தின் 18-வது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. மிஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? பயிற்சி முடிந்ததும் அவன் இடத்துக்கு அடுத்த பையன். இவன் கையில் ஒரு சான்றிதழ். ஊர் திரும்பும் வழியில் டாஸ்மாக் கடை. 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. நல்லது, வரவேற்கிறோம். கல்லூரிப் படி ஏறாத பையனுக்கு?

அந்தச் சூனியத்தில்தான் சாதிக்காரன் கயிற்றோடு வந்து நிற்கிறான். "நீ யார் தெரியுமா?" என்று கையில் கட்டிவிடுகிறான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்கப் போன அவன் தங்கையையும், உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளியில் சாதிக் கயிறு கூடாது என்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. சரியான பேச்சு. ஆனால் கயிற்றைக் கட்டிவிட்ட கை எது? வயலில் நமது கூலிப் போராட்டத்தைச் சேரிக்கும் ஊருக்குமாகப் பிளக்கிற அதே கை!

வெட்டுவதா ஆண்மை? பெண்ணை மிரட்டுவதா? புராணத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் திருப்புட்குழிக்குப் பெயர் தந்த புள் யார்? கதறிய பெண்ணுக்காகப் பலவானை எதிர்த்துச் சிறகு இழந்த சடாயு. அந்தக் கதையைப் பையன்களுக்குச் சொல்லுங்கள். நமக்கு ஆட்சேபணை இல்லை.

யார் சொல்வது? ஷிப்டு முடிந்து, உடம்பு ஓய்ந்து வரும் அப்பன் மகனிடம் வாய் திறப்பதே திட்டுவதற்குத்தான் என்று ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ்! அன்று காப்பாற்றியது 8 மணி நேர வேலையை மட்டுமல்ல, மகனோடு உட்கார்ந்து பேசுகிற நேரத்தையும்தான்.

அதே பெங்களூர் நெடுஞ்சாலையில், சுங்குவார்சத்திரத்தில், 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் யாரும் சாதி கேட்கவில்லை. 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. வாலிபனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலைப் பெருமையை மேடைதோறும் பேசுகிறார்கள். கால் வேலிக்கு மேல் நிலமும் 35 வயதும் இல்லாதவன் பெயர் அந்தக் குடத்துக்குள் பொதுவாகப் போனதில்லை; அதை மட்டும் சொல்வதில்லை! இன்று கிராம சபைக்கு நிலம் வேண்டாம், 18 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் போதும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 - எந்தச் சபை முதலில் வருகிறதோ அதில், நமது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்போம்: இரவு பத்து மணி வரை விளக்கெரியும் படிப்பகம், சேரிக்கும் ஊருக்கும் பொதுவாக ஒரு விளையாட்டுத் திடல், படிப்பை விட்ட பையன்களின் பெயர்ப் பட்டியல். தீர்மானம் நோட்டில் ஏறும்வரை எழுந்திருக்க வேண்டாம், தோழர்களே!