அறிமுகம் இல்லாதவரின் வங்கிக் கணக்கு

வங்கியில் கணக்கு தொடங்க அறிமுகக் கையெழுத்து தேடி அலைந்த காலம் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். அங்கே ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், 'இவரை எனக்குத் தெரியும்' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விருதுநகர், சிவகாசி வட்டாரத்து வியாபாரக் குடும்பங்களுக்கு இது ஒரு காரியமே அல்ல. வியாபாரிகள் சேர்ந்து திரட்டிய மகமை நிதியில் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் விருதுநகர். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாகப் பெயர் மாறிய நிறுவனமும் இதே சமூக நம்பிக்கையில் எழுந்ததுதான். இன்னார் மகன், இன்ன கடை என்று சொன்னால் போதும். ஆனால், தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவருக்குக் கையெழுத்துப் போட யார் இருந்தார்கள்? அந்தக் காலத்தை நினைத்து ஏங்க ஒன்றும் இல்லை.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் 2002-லும் அதன் விதிகள் 2005-லும் வந்தன. மனித சாட்சி போய், காகித சாட்சி வந்தது. கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இதில் ஏதேனும் ஒன்று போதும் என்பது விதி. கவுன்டரில் கேட்கப்படுவது பெரும்பாலும் ஆதார்தான். வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொன்னது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்த பிறகும் இதுவே நிலைமை.

இனி, இதே வட்டாரத்திலிருந்து கட்டட வேலைக்கு சிங்கப்பூர் போகும் இளைஞரைப் பாருங்கள். அந்நிய தேசம், அந்நிய வங்கி. படாத பாடு படுவார் என்றுதான் தோன்றும். அப்படி நடப்பதில்லை. தங்குவிடுதிகளில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களின் சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்று சிங்கப்பூர் அரசு 2020 ஜூலை முதல் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. அதனால் கணக்கு தொடங்கிக் கொடுப்பது முதலாளியின் தலைவலியாகிவிட்டது. வேலை அனுமதி அட்டையே அடையாளம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் 2009 முதல் ஊதியப் பாதுகாப்பு முறை இருக்கிறது. சம்பளம் பதிவில்லாமல் கைமாறக் கூடாது என்று அரசு நினைத்ததால், தொழிலாளியின் கைக்குச் சம்பள அட்டையாவது வந்து சேர்கிறது.

படித்துவிட்டு லண்டன் போகிற பிள்ளைதான் திண்டாடுகிறது. வீடு பிடிக்க வங்கிக் கணக்கு வேண்டும். கணக்கு தொடங்க வீட்டு முகவரிக்குச் சான்று வேண்டும். பல்கலைக்கழகம் ஒரு கடிதம் கொடுத்தால் முடிச்சு அவிழ்கிறது. ஆக, எந்த நாட்டிலும் ஒருவர் தன்னைத் தானே நிரூபித்துவிடுவதில்லை. பலமுள்ள யாரோ ஒருவர் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் பெயர் முறை வேறு தனித் தொல்லை. கருப்பசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'கருப்பசாமி மு.', கடவுச்சீட்டில் 'கருப்பசாமி முனியாண்டி'. வெளிநாட்டு வங்கி அவருக்கு எழுதும் கடிதமெல்லாம் அப்பா பெயருக்கு வரும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவே கிடையாது என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது அதிகம் பதறியவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நாம்தான்.

இப்போது எதிர்த்திசையில் வருபவரைப் பார்ப்போம். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சிவகாசியின் பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்கு வருகிறவர் பேசும் மொழி வேறு. ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. மருந்தும் திரியும் பழகித் தேய்ந்த விரலில் கைரேகை எளிதில் விழாது. இந்தத் தொல்லை உள்ளூர்க்காரருக்கும் உண்டு. இந்தியக் குடிமகன், இந்திய வங்கி. ஆனாலும் சிங்கப்பூரில் நம் பையனுக்குக் கிடைத்த மரியாதை இவருக்கு இங்கே இல்லை.

விதி இவரைக் கைவிட்டுவிட்டதா என்றால், இல்லை. ஆதார் எண்ணைக் கொடுப்பவர் வேறு முகவரியில் வசித்தால், சுய அறிவிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று 2019 நவம்பரில் விதி திருத்தப்பட்டது. எந்த ஆவணமும் இல்லாதவர்கூட, வங்கி அதிகாரி முன்னால் புகைப்படத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து 'சிறு கணக்கு' தொடங்கலாம். ஆவணத்துக்கு விண்ணப்பித்துவிட்டு இரண்டு ஆண்டு வரை நடத்தலாம். நிலையான முகவரி இல்லாதவருக்கும் அடைக்கலம் கேட்டு வந்தவருக்கும்கூட அடிப்படைக் கணக்கு உரிமை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் சொல்வதற்கு முன்பே, 2010-லேயே நாம் இதை எழுதி வைத்துவிட்டோம். எத்தனை கிளைகளில் இதற்கு ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது?

சிறு கணக்கில் ஒரு குறையும் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு கூடாது, எந்நேரமும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது. கூலியும் விலைவாசியும் ஏறிய பின்னும், ஊருக்குப் பணம் அனுப்புகிற தொழிலாளியிடம் மாதம் பத்தாயிரம்தான் என்றால் அவர் மறுபடி ரொக்கத்துக்கே போவார்.

வங்கிகளின் பயம் பொய்யல்ல. ஏழையின் பெயரில் கணக்கு தொடங்கி, அதை மோசடிக் கும்பலுக்கு வாடகைக்கு விடுகிற வேலை நாடு முழுக்க நடக்கிறது. ஆனால், அந்தக் கும்பல்களின் கையில் ஆவணங்கள் கச்சிதமாகவே இருக்கின்றன. மாட்டிக்கொள்வது ஆவணம் ஒழுங்காக இல்லாத ஆள்.

முகவரிச் சான்றாக, அரசும் பொதுத்துறையும் பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனங்களும் தம் ஊழியருக்குத் தரும் குடியிருப்பு ஒதுக்கீட்டுக் கடிதத்தை விதி ஏற்கிறது. பட்டாசு ஆலையின் கடிதத்தை ஏற்பதில்லை. வெடிமருந்தைக் கையாள உரிமம் தந்து ஒருவரை நம்புகிற அரசு, அவரிடம் வேலை செய்பவர் எங்கே தூங்குகிறார் என்று அவர் சொன்னால் நம்பாது! 1979-ம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ்புத்தகம் தர வேண்டும் என்றது. ஒழுங்காகக் கொடுத்து வந்திருந்தால் இன்று அதையே அடையாளமாக ஏற்கச் சொல்லி வாதாடலாம்.

முதலாளியின் சொல்லை மட்டும் நம்பினால் தொழிலாளி அவர் பிடியில் சிக்குவார் என்பதும் உண்மை. அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடும் பழக்கம் இங்கே புதிதல்ல. வேலையை விட்டாலும் கணக்கு தொழிலாளியுடையதாகவே நீடிக்க வேண்டும். முதலாளியின் கடிதம் கதவைத் திறப்பதோடு நின்றுவிட வேண்டும்.

இந்த வட்டாரத்தில் கணக்கு என்பது சேமிப்புக்கு மட்டும் அல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் இறந்தார்கள்; அதற்குப் பிறகும் விபத்துகள் நிற்கவில்லை. நிவாரணம் காசோலையாகவோ கணக்கு வழியாகவோதான் வருகிறது. ஆதாரில் ஒரு பெயரும் வங்கிப் பாஸ்புத்தகத்தில் வேறு பெயருமாக இருந்தால், துக்க வீட்டுக்காரர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியதுதான்.

சிறு கணக்கின் மாத வரம்பை உயர்த்த வேண்டியது மத்திய அரசு. மற்றதை மாவட்டத்திலேயே செய்யலாம். தீபாவளி சீசன் சூடுபிடிக்கும் முன், முன்னோடி வங்கியும் தொழிலாளர் துறையும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் சேர்ந்து ஆலை வாசலிலேயே முகாம் நடத்தட்டும். சிறு கணக்கு பற்றிய அறிவிப்பைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொரு கிளையிலும் ஒட்டட்டும்.