அடிபட்ட பிள்ளைக்கு அஞ்சாயிரமா? வெற்றுத்தாளில் கையெழுத்து போடாதீர்கள்!

பள்ளிக்கூடம் விட்டு ரோட்டை கடந்த சிறுவன் மீது வேன் மோதுகிறது. கால் எலும்பு முறிகிறது. அக்கம்பக்கத்தார் ஆட்டோவில் போட்டுக்கொண்டு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். தகப்பன் வேலையை விட்டு ஓடி வருகிறான்.

மறுநாள் காலை. வார்டு வாசலில் புதிதாக ஒருவர் வந்து நிற்கிறார். கையில் பழப்பை. வேன் முதலாளியின் ஆள்.

"பிள்ளை உசிரு பொழைச்சதே பெரிய விஷயம்மா. கேசு, கோர்ட்டுன்னு போனா பத்து வருஷம் அலையணும். டிரைவரும் பிள்ளைகுட்டிக்காரன். இந்தா, செலவுக்கு அஞ்சாயிரம். இதுல ஒரு கையெழுத்து போடுங்க, போதும்."

தகப்பன் கையெழுத்து போட்டுவிடுகிறான். சில நேரம் அது எழுதாத வெற்றுத்தாளாகக்கூட இருக்கும். அத்தோடு முடிந்தது விவகாரம்!

இது எந்த ஒரு வீட்டின் கதையும் அல்ல. வியாசர்பாடியிலும் நடக்கும், பல்லாவரத்திலும் நடக்கும். கையெழுத்து போட்டவர்களை குறை சொல்லி பயன் இல்லை. அன்றாடம் உழைத்து சாப்பிடுகிற குடும்பத்துக்கு அந்த நேரத்தில் அஞ்சாயிரம் பெரிய பணம். ஆனால் அந்தப் பணம் எதற்கு விலை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதுதான் குற்றம்.

வளரும் எலும்பு

பெரியவர்களுக்கு அடிபடுவது வேறு. பிள்ளைக்கு அடிபடுவது வேறு. பிள்ளையின் எலும்பு முனையில் வளர்ச்சிப்பகுதி இருக்கிறது. அதில் அடிபட்டால் அந்தக் கால் சரியாக வளராமல் போகலாம். இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் ஒரு கால் குட்டை என்பதே தெரியவரும்.

தீக்காயமும் அப்படித்தான். உடம்பு வளரும், வடு வளராது. கை மடங்கி, கழுத்து இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு பாடம் ஏறவில்லை என்பது பள்ளிக்கூடத்தில்தான் தெரியும்.

ஆக, மூன்றாம் நாளே "கணக்கு முடிந்தது" என்று எழுதிக்கொடுப்பது என்ன நியாயம்? நஷ்டமே இன்னும் கணக்குக்கு வரவில்லையே!

பணம் யார் கொடுப்பது?

"டிரைவர் பாவம்" என்ற பேச்சில்தான் பலர் மனம் இளகி விடுகிறார்கள். டிரைவர் பாவமாகவே இருக்கட்டும். நஷ்டஈடு அவன் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டமே. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் வண்டி முதலாளி பதில் சொல்ல வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் ஒரு வழக்கில், விபத்தில் ஊனமடையும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு சொன்னது. ஊனம் 10 சதவீதம் வரை என்றால் ரூ.1 லட்சம். 30 சதவீதம் வரை ரூ.3 லட்சம். 60 வரை ரூ.4 லட்சம். 90 வரை ரூ.5 லட்சம். அதற்கு மேல் ரூ.6 லட்சம். வைத்தியச்செலவு தனி.

அதுவும் முடிந்த கணக்கு அல்ல. 2007-ல் ஒரு 12 வயது சிறுமி பெற்றோருடன் டிராக்டரில் போகும்போது லாரி மோதி மூளை பாதிக்கப்பட்டாள். பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டு கொடுத்தது சுமார் ரூ.25 லட்சத்து 78 ஆயிரம். 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரூ.62 லட்சத்து 27 ஆயிரமாக உயர்த்தியது. அவள் வளர்ந்து சம்பாதித்திருக்கக்கூடிய பணம், காலமெல்லாம் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவு எல்லாம் கணக்கில் சேர்ந்தது.

அஞ்சாயிரம் எங்கே? இது எங்கே?

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள மத்திய அரசு திட்டப்படி, வண்டி எது என்று தெரியாவிட்டாலும் சாவுக்கு ரூ.2 லட்சம், படுகாயத்துக்கு ரூ.50 ஆயிரம் உண்டு.

வக்கீலுக்கு பணம்?

"வக்கீல் வைக்க வழி ஏது சாமி?" என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஊருக்கே தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

1987-ல் வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் சொல்கிறது: பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்க்கக்கூடாது. கூலிக்காரர் பிள்ளையானாலும் குமாஸ்தா பிள்ளையானாலும் உரிமை ஒன்றுதான். வக்கீலை அவர்களே கொடுப்பார்கள். பீஸ் கிடையாது. 15100 என்ற நம்பருக்கு போன் செய்தால் போதும், வழி சொல்வார்கள். சென்னையில் ஐகோர்ட்டு வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கிறது. தினம் ஆயிரம் பேர் அந்தப் பக்கமாகத்தான் பாரிமுனைக்கு பஸ் பிடிக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேருக்கு தெரியும்?

தெரியாததால் லாபம் யாருக்கு? ஆஸ்பத்திரி வாசலில் சுற்றும் புரோக்கர்களுக்கு! "நான் பார்த்துக்கறேன் அண்ணே" என்று பேப்பரை வாங்கிக்கொண்டு, கடைசியில் வருகிற பணத்தில் பெரும்பங்கை விழுங்கி விடுகிறார்கள். பிள்ளையின் காலை விற்று பிழைக்கும் பிழைப்பு!

வழக்கு நடக்கும்போது சிறுவனின் சார்பில் சமரசம் செய்துகொள்ள, பெற்ற தகப்பனானாலும் கோர்ட்டு அனுமதி வாங்க வேண்டும். கிடைக்கும் பணத்தை பிள்ளைக்கு 18 வயதாகும்வரை பாங்கியில் போட்டுவைக்க கோர்ட்டு உத்தரவிடுவது வழக்கம். பிள்ளையின் பணத்துக்கு சட்டம் இவ்வளவு காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவலை டீக்கடை பஞ்சாயத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

வண்டி மட்டுமா?

வண்டி மோதினால்தான் ஆபத்து என்று இல்லை. 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் தகப்பனோடு பைக்கில் போன 3 வயது குழந்தை மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து இறந்தது. 2017-லேயே தேசிய பசுமை தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு தடை போட்டிருந்தது. தடை காகிதத்தில் இருந்தது. நூல் ரோட்டில் இருந்தது!

இப்படி குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் தர தமிழ்நாட்டில் 2013 முதல் தனித்திட்டம் இருக்கிறது. குற்றவாளி யார் என்று தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம்.

2012 ஜூலையில் முடிச்சூர் அருகே பள்ளி பஸ்சின் ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு சிறுமி பலியானாள். ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. அதன்பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கு தனி விதிகள் வந்தன. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ல் பள்ளிக்கூடத்தில் பிடித்த தீயில் 94 பிஞ்சுகள் கருகின. தஞ்சாவூர் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30-ந்தேதி. பத்து வருஷம்!

இதைச் சொல்லித்தான் "கோர்ட்டுக்கு போனால் பத்து வருஷம்" என்று பயமுறுத்துகிறார்கள். தாமதம் உண்மைதான். மறுப்பதற்கில்லை. ஆனால் விபத்து நஷ்டஈடு வழக்குகள் பல லோக் அதாலத்தில் பேசி முடிகின்றன. அங்கே முடிந்தால் அப்பீல் கிடையாது. பணம் சீக்கிரம் கைக்கு வரும். அதுவும் நீதிபதி முன்னிலையில், முழுக் கணக்கோடு. பேசி முடிப்பது தப்பல்ல. யார் முன்னால் பேசுகிறோம் என்பதுதான் விஷயம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிகிச்சை. "போலீஸ் கேஸ், நாங்கள் தொடமாட்டோம்" என்று எந்த டாக்டரும் சொல்லக்கூடாது. 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே, எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். "மாடிப்படியில் விழுந்துவிட்டான்" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை சொன்னால், அந்தப் பதிவே பின்னால் வழக்கை கொன்றுவிடும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாதம் என்று 2022 ஏப்ரலில் அமலான விதி சொல்கிறது. அதனால் தள்ளிப்போடக்கூடாது. தள்ளிப்போயிருந்தாலும் கைகழுவி விடாமல் சட்ட உதவி மையத்தில் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் அழுதுகொண்டு நிற்கும் தாயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். விபத்து நடந்த 10 நாளுக்குள், பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் என்ன என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டியது விசாரணை போலீஸ் அதிகாரியின் கடமை என்று 2022 மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. எத்தனை பேர் கைக்கு அந்தத் தாள் வந்திருக்கிறது? மேலதிகாரிகள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக கணக்கு கேட்கட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஆஸ்பத்திரி வார்டு வாசலிலும் ஒரு போர்டு மாட்டுங்கள். நாலே வரி. "குழந்தைக்கு அடிபட்டதா? வக்கீல் இலவசம். போன் 15100. எதிலும் கையெழுத்து போடாதீர்கள்." பெரிய எழுத்தில், நல்ல தமிழில்.

"செருப்பை வெளியே விடவும்" என்று எழுதி மாட்ட இடம் இருக்கிறது. இதற்கு இடம் இருக்காதா?